திரும்பி வராத கட்டில்கள்

என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுபவள், எங்கள் வீட்டு ஹாலில் பதினோரு மாதம் படுத்திருந்தாள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நான் மூன்று மாதம் வரை நல்லவளாக இருந்தேன். நாலாம் மாதத்திலிருந்து பாத்திரங்களைச் சத்தமாக வைக்க ஆரம்பித்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அண்ணியைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்துவிட்டு என்னைப் பூசி மெழுகுவதில் அர்த்தமில்லை.

அண்ணிக்கு லாரி பார்சல் ஆபீஸில் புக்கிங் கவுன்ட்டர் வேலை, இருபத்திரண்டு வருடமாக. அங்கே அவள் பெயர் தராசு. மூட்டையைத் தொடாமலே எடை சொல்வாள். மெஷினில் வைத்தால் அரைக் கிலோ முன்னே பின்னே இருக்கும். "கட்டிக்கிட்ட ஆளை மட்டும் எடை போடத் தெரியலையே" என்று லோடுமேன்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்களாம். அந்த ஆள் தன் பெயரில் இருந்த வீட்டைச் சத்தமில்லாமல் விற்று, ஒரு புதன்கிழமை காணாமல் போனார். சாயந்திரம் வேலை முடிந்து வந்தவள் வாசலில் நின்று பார்த்தால், உள்ளே யாரோ சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டுக் கேரியரோடும் குடையோடும் எங்கள் வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு இங்க படுத்துக்கறேன்" என்றாள்.

அழவில்லை. யாரையும் திட்டவில்லை. டிவி ஓடினால் பார்ப்பாள். அணைத்துவிட்டால் அணைந்த டிவியையும் அதே மாதிரி பார்ப்பாள். வேலைக்கு மட்டும் ஒரு நாள் தவறாமல் போனாள்.

ஒரு நாள் காலை என் கணவரிடம், "இது வீடா, சத்திரமா?" என்று கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன். குளியலறைக் கதவு திறந்திருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

அன்று சாயந்திரம் அண்ணி செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நான் வேற ஊருக்குப் போயிடறேன்மா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்பது போலச் சொன்னாள்.

"எந்த ஊருக்குக்கா?" என்றார் என் கணவர்.

"பாக்கணும்."

கம்பெனிக்குப் பல ஊர்களில் கிளை உண்டு. எங்கே கேட்டாலும் கவுன்ட்டர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் அவள் கையில் இருந்தது ஒரே ஒரு வீட்டு அட்வான்ஸுக்கும் பஸ்ஸுக்கும்தான் காணும். ஊர் சரிப்படவில்லை என்றால் இன்னொரு ஊர் கிடையாது, திரும்பி இந்த ஹாலுக்குத்தான் வர வேண்டும். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

யோசனை சொல்ல மட்டும் ஆளுக்கு ஆள் வந்தார்கள், காசா பணமா? "துறைமுகத்துக்குப் போக்கா, அங்க காசு கொட்டிக் கிடக்கு" என்றார் என் கணவர். அவர் கடலையே பார்த்ததில்லை. ஆபீஸ் மேனேஜர் மலைமேல் இருக்கும் ஊரைச் சொன்னாராம், காற்று நன்றாக இருக்குமாம்.

ஒரு மத்தியானம் அவள் மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். கவுன்ட்டருக்குப் பின்னால் பழைய ரிஜிஸ்டர்களை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன சரக்குக்கு ஒன்று, வந்த சரக்குக்கு ஒன்று. விரல் நுனியெல்லாம் தூசி.

"என்ன அண்ணி பண்றீங்க?"

"கட்டில் எண்ணிட்டு இருக்கேன்."

நட்டு கழன்றுவிட்டது என்றே நினைத்தேன். அவள் நிமிராமல் சொன்னாள்: "பொழைக்கப் போறவங்க முதல்ல பையோடதான் போவாங்க. கொஞ்சம் கால் ஊணின பிறகு கட்டிலை அனுப்பச் சொல்வாங்க. முடியலைன்னு திரும்பி வந்தா கட்டிலும் திரும்பி வரும். நம்ம கவுன்ட்டரைத் தாண்டித்தானே வந்தாகணும்?"

துறைமுகத்துக்கு ஐந்து வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு கட்டில் போயிருந்தது, தொண்ணூறு திரும்பி வந்திருந்தது. மலைமேல் போனதில் பாதிக்குப் பாதி. மில் நகரத்துக்குப் போனது நூற்று எழுபத்து நாலு.

"திரும்பி வந்தது நாலு" என்றாள். பிறகு இன்னொரு தடவை, "நாலே நாலு."

பதினோரு மாதத்தில் அவள் குரல் ஏறியது அந்த ஒரு தடவைதான். எங்கள் தெருவில் எத்தனை பேர் படித்து என்ன, இந்த மூளை யாருக்கு வரும் என்று எனக்கே பெருமையாக இருந்தது. அவள் போகப் போகிறாள் என்ற நிம்மதியும் அந்தப் பெருமையோடு சேர்ந்துதான் வந்தது.

மில் நகரத்துக்கு ஒரே ஒரு பையோடு கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டில், "எப்ப வேணாலும் வாங்க அண்ணி" என்றேன். "சமையல்கட்டுக் குழாய்க்கு வாஷர் மாத்திட்டேன். இனி சொட்டாது" என்றாள்.

பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. மூட்டை எடை சொல்லும் அதே குரல்.

"ரூம் கிடைச்சுது. தரையில குளிர் ஏறுது, அதான் பழைய கட்டில் ஏதாவது பாக்கலாம்னு போனேன். இங்க பாலத்துக்கு அடியில ஒரு தெரு முழுக்கக் கட்டில்மா. இரும்பு, மரம், மடக்குக் கட்டில். அடுக்கி வெச்சிருக்காங்க. ஏதுங்க இவ்வளவுன்னு கடைக்காரரைக் கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"'ஊரை விட்டுப் போறவங்க வித்துட்டுப் போறதும்மா. பஸ்ஸுக்கே இதை வித்துத்தான் போறாங்க, லாரிக்கு எங்க போவாங்க'ன்னாரு."

அப்போ கட்டில்தான் திரும்பவில்லை, ஆட்கள் திரும்பியிருக்கிறார்கள். துறைமுகத்திலிருந்து திரும்பியவர்களிடம் லாரிக்குக் கொடுக்கவாவது கொஞ்சம் இருந்திருக்கிறது. இருக்கிற ஊர்களிலேயே மோசமான ஊரை, அத்தனை ரிஜிஸ்டரையும் புரட்டி, பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறாள்.

"அப்போ... திரும்பி வந்துடுங்க அண்ணி" என்றேன். சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு நேரம் நின்றேன். அந்த ஒரு மூச்சை அவள் எடை போட்டுவிட்டாள். எனக்குத் தெரியும்.

"வேணாம்மா. கட்டில் வாங்கிட்டேன்" என்றாள்.

"அதுக்குள்ளயா?"

"கட்டில் கால்ல நீல மார்க்கர்ல புக்கிங் நம்பர் இருந்துச்சு. ஏழுக்கு நடுவுல கோடு."

ஏழுக்கு நடுவில் கோடு போடுவது அண்ணியின் பழக்கம். பால் கணக்குக் காலண்டரில்கூட அப்படித்தான் போடுவாள்.

"யாரு அனுப்பினதுன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. புதுசாக் கல்யாணம் ஆன பையன். சேதாரம் இல்லாம போய்ச் சேரணும்னு நாலு தடவை சொன்னான். சாக்கைப் பிரிச்சு மறுபடியும் நானே கட்டினேன். சேதாரம் ஒண்ணும் இல்லை. ஒரு கீறல்கூட இல்லை."

போனை வைத்துவிட்டு, அவள் படுத்திருந்த இடத்தில் உட்கார்ந்து அழுதேன். அவளுக்காகவா எனக்காகவா என்று கேட்டால், பாதி எனக்காகத்தான்.

ஏழு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் நானே போன் செய்கிறேன். நல்லா இருக்கீங்களா என்று கேட்டால் நல்லா இருக்கேன் என்பாள், அவள் வாயில் வேறு வராது. அதனால் அதைக் கேட்பதை விட்டுவிட்டேன்.

"கட்டில் இருக்கா அண்ணி?" என்று கேட்கிறேன்.

"இருக்கும்மா" என்கிறாள்.