கேட்காமல் வாங்கிய ஆம்ப்ளிஃபயர்

"சார் என்ன சொல்றாரு?"

இந்த மூன்று வார்த்தைகளைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறும். திண்டுக்கல் பேருந்து நிலையத்தைச் சுற்றியிருக்கும் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஏறி இறங்கியது நான். ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்று கேட்டதும் நான். ஆனால் கடைக்காரர்கள் பதில் சொன்னதெல்லாம், எனக்குப் பின்னால் மஞ்சள் பையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம். முதலில் தனியாகத்தான் போனேன். இரண்டு கடையில் "சாரைக் கூட்டிட்டு வாங்க மேடம்" என்று அனுப்பிவிட்டார்கள். நான் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறவள். இருபத்தாறு வருஷமாக ஓம் விதியைக் கரும்பலகையில் எழுதி எழுதி என் விரல்நுனியெல்லாம் வெளுத்துப்போயிருக்கிறது. சாருக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, ஓம் என்றால் பிள்ளையாருக்குச் சொல்வதுதான்.

ஒரு கடையில் நடந்தது இது. நீல விளக்கு மினுக்கும் ஒரு பெட்டியைத் தூக்கி மேஜைமேல் வைத்த கடைக்காரர், என் தோளைத் தாண்டி வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார்: "ரெண்டாயிரம் வாட்ஸ் சார். வீட்ல போட்டா தெருமுனை வரைக்கும் அதிரும்."

நான் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். "ஃபியூஸ் ஒரு ஆம்பியர்தான் போட்டிருக்கு. வீட்டுக் கரண்ட்டு இருநூத்தி முப்பது வோல்ட். அப்ப உள்ள போறதே இருநூத்தி முப்பது வாட்ஸ்தானே? மிச்சம் எங்கருந்து வருது, மலைக்கோட்டையில இருந்தா?"

கடைக்காரர் சிரித்தார். சிரித்துவிட்டு அவரிடம் கேட்டார்: "மேடம் டீச்சருங்களா சார்?"

வீட்டுக்காரரும் சிரித்தார். எதைச் சொன்னாலும் அவருக்கு அந்த ஒரே சிரிப்புதான். எங்கே போனாலும் கூடவே எடுத்துக்கொண்டு வருவார்.

எனக்கு எதற்கு ஆம்ப்ளிஃபயர் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் இருந்த ஒரு டாக்டர், வீட்டைக் காலி செய்துகொண்டு மகனோடு இருக்க வெளிநாட்டுக்குப் போனார். போகும்போது தன்னுடைய ஸ்பீக்கர் ஜோடியை எனக்கு விற்றார். தேக்குநிறத்தில் முழ உயரம், மேலே கீச்சு ஒலிக்குச் சின்னதாக ட்வீட்டர், கீழே கனத்த ஒலிக்குப் பெரிய வூஃபர். பின்னால் நாலு ஓம் என்று போட்டிருந்தது. நாலு ஓம் ஸ்பீக்கர் அதிகமாகக் கரண்ட் இழுக்கும். தாங்க முடியாத ஆம்ப்ளிஃபயர் திணறும். திணறினால் ஒலி அலையின் உச்சியை வெட்டிவிடும். அப்படி வெட்டுப்பட்ட அலை முதலில் பொசுக்குவது ட்வீட்டரைத்தான். என்னிடம் இருந்த பழைய பெட்டியோ திணறக்கூடத் தெம்பில்லாதது. அதில் வீணையைப் போட்டால் யாரோ தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி இருக்கும்.

சத்தம் எனக்கு வேண்டவே வேண்டாம். இதைத்தான் ஒருத்தருக்கும் புரியவைக்க முடியவில்லை. காலையில் பள்ளிக்கூடம் கிளம்புவதற்கு முன்னால், அடுப்படியில் வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கும் அரைமணி நேரம் என்னுடையது. அப்போது பக்கத்து அறையில் வீணை மெதுவாகப் போக வேண்டும். மெதுவாகப் போனாலும், தந்திமேல் விரல் வழுக்கிப் போகிற அந்தச் சின்னக் கீறல் கேட்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. வீட்டுச் சுவரின் நிறத்தைத் தேர்ந்தெடுத்தது மாமியார். ஃப்ரிட்ஜ் வீட்டுக்காரருடைய தேர்வு. மகளின் கல்லூரியை முடிவு செய்தது அவருடைய அண்ணன். இந்த ஸ்பீக்கரும் அதற்கு ஏற்ற ஆம்ப்ளிஃபயரும் மட்டும் நானே பார்த்து, நானே முடிவு செய்ததாக இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். ஐம்பத்துநாலு வயதில் இது பெரிய பேராசை இல்லையே.

வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் முப்பது வருஷம் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்து வெளியே வந்தவர். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் நான் சொல்வதைக் காதில் வாங்க மாட்டார். "பாலை இறக்கி வைங்க" என்று குளியலறையிலிருந்து கத்துவேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழியும், அவர் பக்கத்து அறையில் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருப்பார். டிவியைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி வைப்பார். ஏதாவது கேட்டால் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார், இல்லாவிட்டால் அந்தச் சிரிப்பு. திமிர் என்று முடிவுகட்டி ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. "ஒங்ககிட்ட சொல்றதும் செவிடன் காதுல சங்கு ஊதுறதும் ஒண்ணுதான்" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவேன். சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு செரிக்காது.

மகளுக்குப் பிரசவம் என்று கோயம்புத்தூருக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டது, தண்டவாளத்தில் கூட்ஸ் வண்டி போகிற மாதிரி. உள்ளே போனால் என் ஸ்பீக்கர்களுக்கு நடுவில் அந்த நீல விளக்குப் பெட்டி. ரெண்டாயிரம் வாட்ஸ்! அவர் எதிரே உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"பாத்தியா, எம்புட்டு நல்லா இருக்கு. நீ ஆசப்பட்டியேன்னு வாங்கினேன்."

பையைக் கீழே போட்டுவிட்டு என் வீணையைப் போட்டேன். கம்பளியைப் போட்டு மூடிவிட்டு வாசித்த மாதிரி இருந்தது. ட்வீட்டரில் காதை வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் மூச்சில்லை. டாக்டர் வீட்டில் பல வருஷம் ஒரு கீறல் விழாமல் இருந்த ஸ்பீக்கர், ஒரு மாதத்தில் ஊமையாகிவிட்டது. இந்த மனுஷன் இதை முழு வால்யூமில் வைத்துக் கேட்டுவிட்டு நல்லா இருக்கு என்கிறார்!

"என்னைக் கேட்டீங்களா?" என்று கத்தினேன். "வாங்குறதுக்கு முன்னால என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

என் முகத்தைப் பார்த்தார். "கேக்கல" என்றார்.

அவ்வளவுதான். கேட்கவில்லையாம். அதை வாய்கூசாமல் சொல்கிறார். அன்றைக்கு நான் சமைக்கவில்லை.

மறுநாள் ஸ்பீக்கர்களை ஆட்டோவில் ஏற்றிப் பேகம்பூருக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு சந்தில் பழைய ரேடியோ, ஸ்பீக்கர் எல்லாம் பழுதுபார்க்கிற பாய் ஒருவர் இருந்தார். தூக்க ஆள் வேண்டுமே என்று வீட்டுக்காரரும் வந்தார். நான் அவரோடு பேசவில்லை.

பாய் ஸ்பீக்கரைப் பார்த்ததும், "எத்தன ஓம்மு, டீச்சரம்மா?" என்று என்னைக் கேட்டார். இந்த ஊரில் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள். நாலு என்றேன். எதில் மாட்டினீர்கள் என்று கேட்டார், சொன்னேன். "அல்லா, அந்தப் பொட்டியா?" என்று தலையில் கைவைத்துக்கொண்டு திருப்புளியை எடுத்தார். கழற்றிக் காட்டிய ட்வீட்டரின் கம்பிச்சுருள் கருகிப்போயிருந்தது.

அதே அளவில் வேறு ஒரு ஜோடி ட்வீட்டர் வைத்திருந்தார். மாட்டினார். அவரே கட்டிய ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் மேஜைமேல் இருந்தது. விளக்கும் கிடையாது, மினுக்கும் கிடையாது. அதில் இணைத்து, போனிலிருந்து ஒரு விசில் சத்தத்தைப் போட்டார். தாழ்வாக ஆரம்பித்து ஏறிக்கொண்டே போய், பல் கூசும் உயரத்துக்குப் போனது. பாய் முகத்தைச் சுளித்தார். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். சந்தில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது.

வீட்டுக்காரர் ஸ்பீக்கருக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து ட்வீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். செத்த நேரம் கழித்து, "என்ன பாய், ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார்.

பாய் என்னைப் பார்த்தார். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். பாய் விசிலை நிறுத்திவிட்டு, கயிற்றை எடுத்து ஸ்பீக்கரைக் கட்ட ஆரம்பித்தார். அந்தச் சின்ன ஆம்ப்ளிஃபயர் மாதிரியே எனக்கு ஒன்று கட்டித்தரச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். அவர் முகத்துக்கு நேரே நின்று கேட்டேன். "எப்ப இருந்து?"

தெரியாத மாதிரி பார்த்தார். பிறகு உட்கார்ந்துகொண்டார். "மில்லுல இருக்கும்போதே. கடைசி அஞ்சாறு வருஷம்."

"அந்தக் கடைக்காரன்கிட்ட எப்படி வாங்குனீங்க?"

"பஸ் ஸ்டாண்டு பக்கம் போனேன். கூப்புட்டான். என்னமோ சொன்னான், தலையாட்டினேன். கட்டிக் கொடுத்துட்டான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல? இம்புட்டு வருஷம்!"

"செவிடன்னு நீ நினைக்கிறதுக்கு, திமிரு புடிச்சவன்னு நினைச்சாத் தேவலன்னு இருந்துச்சு."

எனக்குப் பரிதாபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவரை வந்ததையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற கோபம். ஏழெட்டு வருஷமாக நான் சொல்வதை மதிக்காத ஒருத்தரோடு குடித்தனம் நடத்துவதாக நினைத்து, சுவரைப் பார்த்து அழுதிருக்கிறேன். அத்தனை அழுகையும் இந்த மனுஷனின் வெட்டி வீறாப்புக்குப் போயிருக்கிறது. அந்தச் சங்குப் பழமொழியை வேறு தினமும் ஓதியிருக்கிறேன். முதல்நாள் அவர் சொன்ன "கேக்கல" எந்தக் கேக்கல என்று யோசித்தேன். என்னைக் கேட்கவில்லை என்றாரா, நான் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை என்றாரா? இன்றுவரை தெரியாது.

நீல விளக்குப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க நான் மட்டும் போனேன். கடைக்காரர், "சார் வரலையா மேடம்? சார் கேட்டுத்தானே வாங்குனாரு" என்றார்.

"சாருக்குக் காது கேக்காது" என்றேன். "செவிடன் தலையாட்டுனா விவரம் கேக்காம கட்டிக் கொடுத்துருவீங்களா?"

கடையே திரும்பிப் பார்த்தது. கடைக்காரர் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுத்தார். ஜெயித்துவிட்டு வெளியே வந்தேன். பத்தடி நடப்பதற்குள், வீட்டுக்காரர் இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை நடுக்கடையில் போட்டு உடைத்துவிட்டோமே என்று இருந்தது. என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

அந்த வாரமே அவரைக் காது மிஷின் வைக்கிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். கண்ணாடி அறையில் உட்காரவைத்துச் சோதித்துவிட்டு, அங்கிருந்த பெண் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினாள். கீழ் ஸ்தாயியில் நேராக வந்த கோடு, மேல் ஸ்தாயி வந்ததும் கிணற்றில் இறங்குகிற மாதிரி இறங்கியது. என் ஸ்பீக்கருக்கு வந்த அதே வியாதி. இதற்கும் ஆம்ப்ளிஃபயர்தான் வைத்தியம், எங்கே போயிருக்கிறதோ அங்கே மட்டும் தூக்கிக் கொடுக்கிற ஒன்று.

அந்தப் பெண் நாலைந்து மிஷின்களை எடுத்துப் பரப்பினாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தாள். "அய்யாவுக்கு வெளிய தெரியாத மாதிரி வேணுமாம்மா? அய்யா போன் பேசுவாங்களா? அய்யாவுக்கு எது முக்கியமா கேக்கணும்?"

அய்யா எனக்குப் பக்கத்து நாற்காலியில் இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது. பேச்சு அவருடைய தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. பேருந்து நிலையத்துக் கடைகளில் நான் நின்ற இடத்தில் இப்போது அவர் உட்கார்ந்திருந்தார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"என்கிட்ட என்னத்துக்குக் கேக்குறீங்க?" என்றேன், அவள் திடுக்கிடும்படி. "காது என்னுதா? சாரைக் கேளுங்க."

அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, அவர் முகத்துக்கு நேரே குனிந்து, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள். "சார், ஒங்களுக்கு எது நல்லா கேக்கணும்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேஜையில் இருந்த மிஷின்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இவ என்ன சொல்லித் திட்டுறான்னு தெரியணும்மா. இம்புட்டு வருஷமா சத்தம் மட்டுந்தான் கேக்குது. வார்த்தை கேக்கல."