திங்கட்கிழமை பத்து மணி வகுப்பு

கடிதம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் என் மேசைக்கு வந்தது. பல்கலைக்கழகத் தாபனக் கிளையிலிருந்து வரும் கடிதங்களை நான் பொதுவாக அடுத்த கிழமைக்குத் தள்ளிவிடுவேன். மேலே ‘அவசரம்’ என்று எழுதியிருந்தால் அது அவர்களுடைய அவசரம், எனக்கென்ன என்பது என் எண்ணம். அன்று ஏனோ உடனே பிரித்தேன். எங்கள் துறையின் தகுதிகாண் விரிவுரையாளர் ஒருவர் விதித்த காலத்துக்குள் மேற்பட்டம் பெறவில்லை, இன்னும் நான்கு மாதத்தில் அவருடைய பதவி முடிவுக்கு வருகிறது, துறைத் தலைவர் இதை அவருக்கு அறியத்தரவும் என்று இருந்தது. துறைத் தலைவர் நான். அந்த விரிவுரையாளர் எங்கள் நெடுந்தீவுப் பிள்ளை.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. மேற்பட்டத்துக்கு அங்கே போக விடுப்புத் தரும்படி அவள் இரண்டு தடவை எழுத்தில் கேட்டிருந்தாள். இரண்டு விண்ணப்பங்களும் என் மேசை லாச்சிக்குள் இருந்தன. இரண்டையும் நான் மேலே அனுப்பவில்லை.

இதை இப்படி எழுதினால் நான் ஏதோ கொடுமைக்காரி போலத் தெரியும். அப்போது நான் என்னைப் பற்றி அப்படி நினைக்கவில்லை. எனக்கு முன் அனுபவம் இருந்தது. தலைவராக வந்த புதிதில் இரண்டு பேரை மிகுந்த நம்பிக்கையோடு படிக்க அனுப்பினேன். ஒருவர் கனடாவில் இருந்துவிட்டார். மற்றவர் அவுஸ்திரேலியாவில் இருந்துவிட்டார். இரண்டு பேரும் தைப்பொங்கலுக்குத் தவறாமல் வாழ்த்து அனுப்புவார்கள். கூட்டத்தில் பீடாதிபதி, “உங்கட துறையில போனவை வாற வழக்கமில்லையோ?” என்று சிரித்துக்கொண்டு கேட்டபோது முகத்தில் கரி பூசியது போல இருந்தது. மூன்றாவதாக ஒருவரை விடுவதில்லை என்று அன்றைக்கே மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். அதற்குப் பிறகு வந்தவள்தான் இவள்.

எங்களுடையது புவியியல் துறை. கணினியில் வரைபடம் தயாரிக்கும் செய்முறை வகுப்பை அவள் ஒருத்திதான் எடுத்தாள். நானும் மற்ற மூத்தவர்களும் காகிதத்தில் மையால் வரைந்து படித்தவர்கள். அந்த மென்பொருளைத் தொடவே மாட்டோம். பெருமையாகக்கூட அதைச் சொல்லிக்கொள்வோம். திங்கட்கிழமை காலை அவள் நெடுந்தீவிலிருந்து முதல் படகில் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து, அங்கிருந்து புறப்படும் பஸ்ஸில் ஏறுவாள். ஆகவே அந்த வகுப்பை எட்டு மணியிலிருந்து பத்து மணிக்கு மாற்றிக் கொடுத்தேன். ஒரு தலைவர் இதைவிட வேறு என்ன செய்ய முடியும் என்று எனக்கு என்மீதே நல்ல அபிப்பிராயம்.

நான் புங்குடுதீவில் இருக்கிறேன். பஸ் என் சந்திக்கு வரும்போது அவள் பக்கத்து இருக்கையில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பாள். உண்மையைச் சொன்னால் துறையின் முக்கியமான முடிவுகள் துறைக் கூட்டத்தில் எடுக்கப்படவில்லை. கடலுக்கு நடுவே போகும் புங்குடுதீவுத் தாம்போதியில் பஸ் ஆடி ஆடிப் போகும்போதுதான் எடுக்கப்பட்டன. அவளுடைய விடுப்பும் அங்கேதான் முடிவாகியது. முதல் தடவை, “இந்த வருஷம் புதுப் பாடத்திட்டம் வருகுது, கொஞ்சம் பொறுமன்” என்றேன். இரண்டாம் தடவை, “சிறப்புப் பட்டப் பிள்ளையளை நடுவழியில விட்டிட்டுப் போக உமக்கு மனம் வருமோ?” என்றேன். கடைசியில் ஒவ்வொரு முறையும் ஒரே வசனம்தான்: “அந்த வகுப்பை உம்மைத் தவிர வேற ஆரும் எடுக்கேலாது.” அவள் சிரித்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்ப்பாள். மூன்றாம் தடவை அவள் கேட்கவேயில்லை. பிரச்சினை தீர்ந்தது என்று நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன். அப்படியே ஐந்து வருடம் போனது.

காலக்கெடு எனக்குத் தெரியாதா? தெரியும். தகுதிகாண் காலத்துக்குள் மேற்பட்டம் எடுக்காவிட்டால் வேலை போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. ஆனால் நல்லாய்ப் படிப்பிக்கிற பிள்ளையை யாரும் வெளியே அனுப்பமாட்டார்கள், கடைசியில் நான் போய்ப் பேசினால் சரிவரும் என்று ஒரு அசட்டுத் துணிவு. போனவர்கள் இரண்டு பேரும் அங்கே பேராசிரியர்கள். சொல்லுக் கேட்டு நின்றவளுக்கு வேலையில்லாமல் போகப்போகிறது. அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு நான் அன்று வெகுநேரம் இருந்தேன்.

தொலைபேசியில் சொல்ல வாய் வரவில்லை. அவள் ஏற்கெனவே வீட்டுக்குப் புறப்பட்டிருந்தாள். மறுநாள் காலை குறிகட்டுவானுக்குப் போய்ப் படகேறினேன். இறங்குதுறை என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம் என்றாலும் நான் நெடுந்தீவுக்குப் போய்ப் பல வருடம். அன்று கடல் நல்லாய் எழும்பியிருந்தது. படகின் கீழ்த்தட்டில் அரிசி மூட்டைகளுக்கும் ஒரு காஸ் சிலிண்டருக்கும் நடுவில் இருந்து இரண்டு தரம் சத்தி எடுத்தேன். பக்கத்தில் இருந்த அக்கா ஒரு தேசிக்காயைக் கீறி மணக்கச் சொல்லித் தந்தார். இந்தப் பயணத்தை ஒருத்தி கிழமைக்கு இரண்டு தரம் செய்துவிட்டு வந்து பஸ்ஸில் எனக்கு இடமும் பிடித்து வைக்கிறாள். அதைப்பற்றி நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அவளுடைய வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இருக்கவில்லை. “கம்பஸில படிப்பிக்கிற பிள்ளையின்ர வீடோ?” என்று ஓட்டோக்காரர் நேரே கொண்டுபோய் இறக்கினார். கல்லை அடுக்கிக் கட்டிய மதிலுக்குள்ளே, வேப்ப மரத்தடியில் கதிரை போட்டு, மாணவர்களின் செய்முறைக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பினாள். தாயார் குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்து, “வாங்கோ மிஸ், இருங்கோ, தேத்தண்ணி போடுறன்” என்றார். தகப்பன் மாடுகளோடு வெளியே போயிருந்தார்.

கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தாள். பிறகு மடித்து உறைக்குள் வைத்தாள்.

“நான் எதிர்பார்த்தனான் மிஸ்.”

“அப்ப ஏன் மூண்டாந்தரம் கேக்கேல்லை?” என்று கேட்டேன். குற்றத்தை அவளிடம் தள்ளுகிற கேள்வி என்பது கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவள் கொஞ்சம் யோசித்தாள். “என்னைத் தவிர ஆரும் எடுக்கேலாது எண்டு நீங்கள் சொல்லேக்குள்ள எனக்குச் சந்தோஷமாய் இருந்தது. ஊரில போய் அம்மாவுக்கும் சொல்லுவன். அந்தச் சந்தோஷத்தில இருந்திட்டன் மிஸ்.”

அவள் ஏசியிருந்தால் என்னால் சமாளித்திருக்க முடியும். ஏச்சுக்குப் பதில் சொல்லுவதில் நான் கெட்டிக்காரி. அவளை நான் எல்லோரிடமும் ‘எங்கட பிள்ளை’ என்றுதான் சொல்வேன். பிள்ளை என்று சொல்லிவிட்டால் விடுப்பு, பதவி, காலக்கெடு என்று எதையும் யோசிக்கத் தேவையில்லை. அது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பது அந்த மரத்தடியில்தான் விளங்கியது. எனக்கு வெட்கமாக இருந்தது.

இரவே ஒரு மறுமொழி எழுதி வைத்திருந்தேன். காலத்தை நீடித்துத் தரும்படி பல்கலைக்கழகப் பேரவையைக் கேட்கும் கடிதம். துறையின் அவசியத் தேவைகளால் மேற்படிப்பு தாமதமானது என்று அழகாக எழுதியிருந்தேன். அதை வாசிக்கக் கொடுத்தேன். அவள் கொப்பி திருத்துகிற மாதிரியே சிவப்புப் பேனையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசித்தாள். ஆனால் எதையும் வெட்டவில்லை.

“இதை வாசிச்சால் நான் கேக்காமலே இருந்திட்டன் எண்டுதான் நினைப்பினம் மிஸ். நான் கேட்டனான்.”

“ஓம். கேட்டனீர்” என்றேன்.

தாயார் தேத்தண்ணியோடு வந்தார். கடிதத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. “இவவை நல்லாய்ப் பாத்துக்கொள்ளுறீங்கள், பெரிய புண்ணியம் மிஸ்” என்றார். அவள் குனிந்து கொப்பிகளை அடுக்கினாள். நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

திங்கட்கிழமை புதிதாக எழுதினேன். இரண்டு தடவை அவர் எழுத்தில் விண்ணப்பித்தார், இரண்டையும் நான் அனுப்பாமல் வைத்திருந்தேன், அவர் திரும்பி வரமாட்டார் என்ற பயமே காரணம், தாமதம் முழுவதும் என்னுடையது. லாச்சிக்குள் இருந்த இரண்டு விண்ணப்பங்களையும் இணைத்தேன். பீடாதிபதி வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“இப்பிடியே அனுப்பப் போறீங்களோ? நீங்கள் இளைப்பாற இன்னும் கொஞ்சக் காலம்தானே இருக்கு. இதைக் கொஞ்சம் மெல்லிசாய் எழுதலாம்.”

“மெல்லிசாய் எழுதினால் அந்தப் பிள்ளைக்கு வேலை இல்லாமல் போயிடும்” என்றேன். அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு கையெழுத்து வைத்தார். மனுஷனை நான் அதுவரை கொஞ்சம் குறைத்துத்தான் எடைபோட்டிருந்தேன்.

பேரவை அவளுக்குக் கால நீடிப்புக் கொடுத்தது. எனக்கும் பேரவையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதில் என்ன இருந்தது என்று இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. அநியாயமாக ஒன்றும் இருக்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். முன்பு இடம் கொடுத்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அவள் திரும்ப எழுதினாள். அந்த மேற்படிப்புக்கு அவளுக்குப் பிறகு இடம் பெற்றவர்கள்கூட முடித்துவிட்டுப் போயிருந்தார்கள் என்றாலும் இடம் கிடைத்தது. அந்தப் பருவம் முடியப் புறப்பட்டுப் போனாள்.

அடுத்த பருவத்தின் முதல் திங்கட்கிழமை அந்த வகுப்பை எடுக்க நான்தான் போனேன். வேறு யாரையும் கேட்க எனக்கு முகம் இல்லை. அவள் எழுதி வைத்துவிட்டுப் போன குறிப்புக் கொப்பி மேசையில் இருந்தது. முதல் நாள் கணினியைத் திறந்துவிட்டு எந்த இடத்தில் அமத்துவது என்று தெரியாமல் நின்றேன். முன் வரிசைப் பிள்ளை ஒன்று, “மிஸ், இடது பக்கம்” என்று மெல்லச் சொன்னது. இரண்டாம் கிழமை நான் வரைந்த தீவுகளின் படத்தில் புங்குடுதீவு நயினாதீவுக்கு மேலே ஏறி இருந்தது. வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். வீட்டில் அவளுடைய குறிப்புகளை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். எல்லாம் எவ்வளவு விளக்கமாக எழுதியிருந்தாள்.

போன மாதம் அவள் அங்கிருந்து வட்ஸ்அப்பில் கோல் எடுத்தாள். அங்கே குளிர், படிப்பு கடினம், ஆனால் பிடித்திருக்கிறது என்றாள். தாயாரைப் போய்ப் பார்த்தேனா என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். பிறகு கேட்டாள்:

“என்ர வகுப்பை இப்ப ஆர் மிஸ் எடுக்கினம்?”

“நான்தான் எடுக்கிறன்.”

“நீங்களோ?” அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கஷ்டமாய் இருக்கோ மிஸ்?”

ஓம், கஷ்டம், உம்மைப்போல ஆருக்கும் ஏலாது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அவளும் சந்தோஷப்பட்டிருப்பாள்.

“இல்லை. மூண்டு கிழமையில பழகீட்டன்” என்றேன்.

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று தொலைபேசியைப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை.

“மூண்டு கிழமையோ?” என்றாள்.

“ஓம்.”

நான் நிறுத்தி வைத்த அந்த ஐந்து வருடத்தை அவளும் எண்ணியிருப்பாள். தனக்கு நூலகத்துக்குப் போக நேரமாகிவிட்டது என்று சொல்லி அவள்தான் முதலில் வைத்தாள்.