மௌன நிமிடத்தில் அசைந்த உதடு

அந்த அரசுப் பள்ளியில் மைக் பாதி நாள் ரிப்பேரில் கிடக்கும். பி.டி. டீச்சரின் தொண்டை ஒருநாளும் ரிப்பேரானதில்லை. ஒரு காலத்தில் தடை ஓட்டத்தில் பதக்கம் வாங்கியவள். இப்போது முழங்கால் பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு காலைக் கூட்டத்தை நடத்துகிறாள்.

முன்பெல்லாம் கூட்டத்தில் ஒரு பிரார்த்தனைப் பாட்டு உண்டு. அது யாருடைய சாமிக்கு என்று பெற்றோர்கள் முட்டிக்கொண்டதில், மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. இனிப் பாட்டு இல்லை, ஒரு நிமிட மௌனம்தான். விரும்பியவர் மனசுக்குள் வேண்டிக்கொள்ளலாம், விரும்பாதவர் சும்மா நிற்கலாம். யாரும் பேசக் கூடாது. ஆசிரியர்கள் தங்கள் நம்பிக்கையைப் பிள்ளைகள்மேல் திணிக்கக் கூடாது. தலைமையாசிரியர் யோசித்துப் பார்த்து, பள்ளியிலேயே சத்தமான ஆளிடம் மௌனத்தை ஒப்படைத்தார்.

டீச்சருக்குச் சாமியைப் பற்றி எந்த அபிப்பிராயமும் கிடையாது. நாத்தனாரைப் பற்றி நிறைய உண்டு. ஒரு வாரம் தங்கிப் போகலாம் என்று தம்பி வீட்டுக்கு, அதாவது டீச்சரின் வீட்டுக்கு, வந்த அந்த அம்மாள், அலமாரியில் இரண்டு தட்டைப் பிடித்துக்கொண்டு நிரந்தரமாகிவிட்டார். தினமும் டீச்சர் செருப்பு மாட்டும் நேரம் பார்த்து ஆரம்பிப்பார்.

"ஒரு கும்பிடு போட்டா கை தேஞ்சா போயிடும்? உன்னாலதான் இந்த வீடு உருப்படல."

பதில் சொல்ல நின்றால் பஸ் போய்விடும். அதனால் பதிலும் அவளோடு பஸ் ஏறிப் பள்ளிக்கு வரும். மௌன நிமிடத்தில் கண்ணை மூடி, கைகளைக் கோத்துக்கொண்டு, நாத்தனாரைச் சத்தமில்லாமல் ஒரு பிடி பிடிப்பாள். உதடு மட்டும் லேசாக அசையும். முடிந்ததும் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அந்த நிம்மதியைத்தான், மகள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க வந்த ஒரு அப்பா போனில் படம் பிடித்தார். கல்வி அலுவலகத்துக்குப் புகாரும் போட்டார். படம் ஊரெல்லாம் போன் போனாகப் பரவ, மறுநாள் பள்ளி வாசலில் இரண்டு கூட்டம். 'அரசுப் பள்ளியில் மதம் வேண்டாம்' என்று ஒரு பக்கம், 'டீச்சரின் வேண்டுதல் டீச்சரின் உரிமை' என்று இன்னொரு பக்கம். இரண்டாவது கூட்டத்தின் முன்வரிசையில், தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தது நாத்தனார்!

கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து, தலைமையாசிரியர் அறையில் விசாரணை நடத்தினார். புகார் கொடுத்தவர் பொறுமையாகவே பேசினார்.

"டீச்சர் மேல எனக்குக் கோபமே இல்ல சார். ஆனா என் பொண்ணு அவங்க செய்யறதைப் பார்த்துச் செய்வா. அவங்க உதட்டை அசைச்சா அதுவும் பாடம்தானே?"

அவர் சொல்வது நியாயம் என்றே டீச்சருக்குப் பட்டது. அவரை வெளியே அனுப்பிவிட்டு, அதிகாரி கேட்டார்.

"சொல்லுங்கம்மா, என்ன வேண்டிக்கிட்டீங்க?"

"வேண்டலை சார். வீட்டுல ஒருத்தரைத் திட்டிக்கிட்டிருந்தேன்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "இதை நான் எழுத முடியாதும்மா. 'தனக்குள்ள வேண்டிக்கிட்டாங்க'ன்னு எழுதினா அது உங்க உரிமை, ஃபைலை மூடிடுவேன். 'பேசினாங்க'ன்னு எழுதினா சுற்றறிக்கையை மீறினதாகும். விசாரணையை ஆறு மாசம் இழுப்பாங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

ஜன்னல் வழியாக நாத்தனாரின் குரல் கேட்டது. "எங்க வீட்டு மருமக தங்கம்! அவ பக்தி எனக்குத் தெரியும்!"

டீச்சர் தலை குனிந்தாள். "வேண்டிக்கிட்டேன்னே போட்டுக்கோங்க சார்."

வாழ்க்கையில் அவள் சொன்ன முதல் மதச் சார்புள்ள வாக்கியம் அது. பொய்யும்கூட.

அன்றிலிருந்து வீடு தலைகீழாக மாறியது. காலையில் நாத்தனார் வாயே திறப்பதில்லை. பாத்திரம் உருண்டால்கூடத் தம்பியை அதட்டுவார்: "மெதுவாடா, அவ மனசு கலையக் கூடாது." டீச்சருக்கு இது பழைய திட்டைவிடப் பெரிய கொடுமையாக இருந்தது. திட்டுகிறவரைத் திட்டலாம், தலையில் வைத்துத் தாங்குகிறவரை என்ன செய்வது?

மௌன நிமிடத்தில் இப்போது அவளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணைத் திறந்து, வாயை இறுக மூடி, கொடிக்கம்பத்தைப் பார்த்தபடி நிற்கிறாள். புகார் கொடுத்த அப்பாவுக்குப் பரம திருப்தி.

போன வாரம் நாத்தனாரின் கூட்டத்திலிருந்து நான்கு பேர் தலைமையாசிரியரைப் பார்க்க வந்தார்கள். ஒரே கேள்விதான்: "டீச்சர் வேண்டறதை நிறுத்திட்டாங்க. அவங்களை மிரட்டினது யாரு?"