மனமுவந்து

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் திண்டுக்கல் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. புதுச் சட்டம் வந்து, துப்பாக்கி லைசென்ஸுக்குக் கெடுபிடி கூடியிருந்த சமயம். சிறுமலை அடிவாரத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தார். நெடுநெடுவென்ற உயரம், வெயிலில் கறுத்த முகம். இறந்துபோன கணவரின் நாட்டுத் துப்பாக்கியைத் தன் பேருக்கு மாற்றித் தரச் சொன்னார். எந்தக் காகிதத்தையும் இரண்டு முறை வாசிக்கக் கேட்காமல் கைநாட்டு வைக்கமாட்டார்.

“பொம்பளைக்கு எதுக்கும்மா துப்பாக்கி?” என்றார் தாசில்தார்.

“கடலையைத் தோண்டுற பன்னி, ஆம்பள காடா பொம்பள காடான்னு பாத்தாய்யா வருது?”

தாசில்தார் என்னைக் கூப்பிட்டு, அந்த அம்மாள் துப்பாக்கியைச் சர்க்காரிடம் ஒப்படைப்பதாக ஒரு கடிதம் எழுதச் சொன்னார். எழுதி வாசித்தேன். இரண்டாம் முறை வாசிக்கையில் அந்த அம்மாள் கையை நீட்டித் தடுத்தார்.

“‘மனமுவந்து’ன்னா என்ன தம்பி?”

“இஷ்டப்பட்டுக் குடுக்கிறதும்மா.”

“நான் எங்க இஷ்டப்பட்டேன்? புடுங்கிக்கிட்டோம்னு எழுதுங்க. இப்பவே கைநாட்டு வைக்கிறேன்.”

அப்படி எழுத எந்த அதிகாரியால் முடியும்? தாசில்தார் கடிதத்தைக் கிழித்துப் போட்டு, மனுவை மதுரைக்குக் கலெக்டரிடம் அனுப்பினார். சில மாதங்களில் லைசென்ஸ் வந்தது.

வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கக் கூடாது என்பதே அன்றும் இன்றும் என் கட்சி. ஆனாலும் அந்த லைசென்ஸை அவர் கையில் கொடுத்தபோது எனக்கு ஏன் அப்படியொரு சந்தோஷம் வந்தது என்று இன்னும் விளங்கவில்லை.