பக்கத்துக் கதிரை

நோர்வேயில் எங்கள் தமிழ் ஆட்களுக்குக் கல்யாண அல்பம் செய்து கொடுப்பதென்றால் பாதி வேலை கமராவில், மீதி வேலை முகத்தை வெளிக்க வைப்பதில். தாய்மார் காதுக்குள் வந்து சொல்லுவார்கள், பிள்ளையைக் கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கோ என்று. நானும் ஆக்கிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். படம் எடுக்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒஸ்லோவில் உணவகமொன்றில் கோப்பை கழுவிய நாட்களில் வாங்கிய பழைய கமராவும், நான் கெடுத்த பிலிம் சுருள்களும்தான் வாத்தியார்.

ஆகவே ஒரு நாள் ஒரு இளம் பெண் என் படக் கடைக்குள் வந்து கேட்டது எனக்குப் புதுமையாக இருந்தது. தகப்பன் காம்பியா, பிறந்தது ஒஸ்லோவில். இந்த நகரத்தில் வாழும் ஆபிரிக்க மக்களை ஒவ்வொருவராக இருத்திப் படமெடுத்து, ஒரு கண்காட்சி வைக்கப் போகிறாளாம். பள்ளிக்கூடப் படங்களில் தன் பல்லும் கண்ணும் மட்டும்தான் தெரியும் என்றாள். என் மகளின் வகுப்புப் படமும் அப்படித்தான், அந்தக் கதையில் இருவரும் நன்றாகச் சிரித்தோம். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு நிபந்தனை வைத்தாள்.

“எங்கட கறுப்பில ஒரு துளியும் களவு போகக் கூடாது.”

அவள் சொன்னது நோர்வே மொழியில். என் காதில் அது இப்படித்தான் விழுந்தது.

நகரின் கிழக்குப் பக்கம், சுரங்க ரயில் பாதை முடிகிற இடத்துக்குக் கிட்ட ஒரு மண்டபத்தில் படமெடுப்பு. மார்கழி மாதம், மூன்று மணிக்கே வெளியே இருட்டு. சாம்பல் நிறத் துணியைப் பின்னால் தொங்கவிட்டேன். கறுப்பு முகத்தில் வெளிச்சத்தை நேரே அடித்தால் முகம் செத்துப்போகும். பக்கவாட்டில் வெள்ளைத் துணியைக் கட்டி, அதனூடாக மெல்லப் படியவிட்டால் கன்னமும் நெற்றியும் நனைந்த கல்லைப்போல் உயிர் கொள்ளும். கானா நாட்டு அக்கா ஒருவர் தலைத்துணியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக எல்லோரையும் காக்க வைத்தார். கொங்கோக்காரப் பெரியவர் ஒருவர், நீயும் கறுப்புத்தானே, உன்னை ஆர் எடுக்கப் போகினம் என்று என்னைச் சீண்டினார். எனக்கு வாய் சும்மா இருக்காது. எங்களுக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரேயொரு கடல்தானே என்றேன். அவர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, வரிசையில் கடைசியாக இருந்த பெண்ணைக் கண்ணால் காட்டினார்.

“இந்த அறையில கடலைப் பற்றிக் கதையாதே.”

அந்தப் பெண் எரித்திரியாவைச் சேர்ந்தவர், முதியோர் இல்லத்தில் வேலை. கரையில் நிறம் ஓடிய மெல்லிய வெள்ளைச் சால்வையைத் தலையைச் சுற்றிப் போட்டிருந்தார். தன் முறை வந்ததும் சுவரோரம் கிடந்த இன்னொரு கதிரையை இழுத்து வந்து, தன் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தார். அது மகனுக்கு என்றார். லிபியாவிலிருந்து படகு ஏறப் போகிறேன் என்று தொலைபேசியில் கதைத்த பிள்ளை, அதற்குப் பிறகு சத்தமில்லை. அவன் வந்ததும் அந்தக் கதிரையில் இருத்தி எடுத்து இந்தப் படத்தோடு சேர்த்துவிட வேண்டும், அதுவரை இடம் வெறுமையாகக் கிடக்கட்டும் என்பதுதான் அவர் கேட்டது. எவ்வளவு உயரமான பிள்ளை என்று நான் தெரிந்துகொள்வதற்காக அவனுடைய படமொன்றையும் கைபேசியில் அனுப்பிவிட்டார். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிற பொடியன்.

சேர்ப்பது எங்களுக்குப் பெரிய வேலையில்லை என்று தைரியம் சொன்னேன். பொய்யில்லை. எங்கள் சனத்தில் மகளின் கல்யாணத்துக்கு முதலே தகப்பன் போய்ச் சேர்ந்துவிட்டால், அல்பத்தில் அவரைக் கொண்டுவந்து மணவறைக்குப் பக்கத்தில் நிற்க வைப்போம். அதைச் செய்கிறவள் என் மனைவி. அடையாள அட்டையில் இருக்கிற முகத்தை எடுத்து, வேட்டி சால்வை உடுத்தி, மாப்பிள்ளையின் தோளில் கை போட வைத்துவிடுவாள். உங்கட மனிசி யமனிட்டைப் போய் ஆளைக் கடன் வாங்கிக்கொண்டு வாற ஆள் என்று வாடிக்கையாளர் ஒருவர் சொன்னது, ஒஸ்லோவுக்குப் பக்கத்து ஊரான லில்லெஸ்ட்ரோம் முழுக்க எங்களுக்குப் பட்டமாகிவிட்டது.

அங்கேதான் எங்கள் வீடு. கீழறையில் கணினி. படங்களை மனைவியிடம் கொடுத்து, இந்தக் கதிரை அவவின்ர மகனுக்கு, படகு ஏறினவன் இன்னும் வரேல்லை, அவன்ர படமும் இதுக்குள்ள கிடக்கு என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், அவன் வரும்வரை வெறுமையாக விட வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. தூரத்து நகரமான ஸ்தவாங்கரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் நான் திரும்பி வர, படங்கள் அச்சாகி மண்டபத்துக்கே போய்விட்டிருந்தன.

கண்காட்சி திறப்பதற்கு முன், படத்தில் இருந்தவர்களை மட்டும் பார்க்க அழைத்திருந்தார்கள். மனைவியும் என்னோடு வந்தாள். கானா அக்கா தன் படத்துக்கு முன்னால் நின்று தன்னைத் தானே புகழ்ந்துகொண்டிருந்தார். எரித்திரியத் தாய் தன் படத்துக்கு முன்னால் போய் நின்றார். நானும் அப்போதுதான் அதைப் பார்த்தேன்.

பக்கத்துக் கதிரையில் மகன் இருந்தான்.

கைபேசிப் படத்திலிருந்த வெயில் போய், என் பக்கவாட்டு வெளிச்சம் அவன் கன்னத்தில் படிந்திருந்தது. அவன் நிழல் தாயின் நிழலோடு ஒட்டித் துணியில் விழுந்திருந்தது. தாய் படத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி வாசலைப் பார்த்தார். அறையில் நின்ற ஒவ்வொரு இளைஞன் முகமாகத் தேடிவிட்டு என்னிடம் வந்தார்.

“எப்ப வந்தவன்?” என்று கேட்டார். “எனக்கு ஏன் சொல்லேல்லை?”

மனைவிதான் முன்னால் போனாள்.

“அவன் வரேல்லை. நான்தான் இருத்தினனான்.”

தாய் கத்தவில்லை. உங்கள் ஆட்கள் யாரை இப்படிப் படத்தில் சேர்ப்பார்கள் என்று மட்டும் கேட்டார். என் மனைவிக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

“செத்தவையை,” என்றாள்.

அவர் சால்வை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சட்டத்தைக் கழற்றி, முகம் சுவரைப் பார்க்க நிலத்தில் சாத்தி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ரயிலில் திரும்பி வரும்போது யன்னலில் எங்கள் முகங்கள் இரண்டையும் தவிர வேறொன்றும் தெரியவில்லை. எனக்குக் கோபம். ஏனப்பா உமக்கு இந்த வேலை என்று கேட்டேன். லில்லெஸ்ட்ரோம் கிட்ட வரும்போதுதான் சொன்னாள்.

“என்ர தம்பிக்குச் செய்யக் கை வரேல்லை. அவவின்ர மகனுக்கு வந்திட்டுது.”

அவள் தம்பி எங்கள் நாட்டுச் சண்டையின் கடைசி மாதங்களில் காணாமல் போனவன். ஊரில் அவள் தாயின், என் மாமியின், வீட்டுச் சுவரில் அவன் படம் மாலையில்லாமல் தொங்குகிறது. மாலை போடச் சொன்னவர்களுக்கு மாமி தேத்தண்ணிகூடக் கொடுத்ததில்லை. உள்ளது போகாது, இல்லாதது வாராது என்று சனம் ஆறுதல் சொல்லும். தம்பி இதில் எந்தப் பாதி என்று இவளுக்கு யாராலும் சொல்ல முடியவில்லை. ஒரு தாய்க்குப் பக்கத்தில் பிள்ளை இருந்தால் எப்படியிருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டிருக்கிறாள், பாவம். பிறகு நான் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அந்தத் தாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். படத்திலிருந்து மகனை எடுத்துவிடுவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம். வேறு யாரிடமும் அந்த வேலையைக் கொடுக்கவும் விருப்பமில்லை. கீழறையில் மனைவிக்குப் பக்கத்தில் அவர் இருந்தார், நான் படிக்கட்டில் நின்றேன். படம் திருத்தும் மென்பொருளில் ஒவ்வொரு உருவமும் கண்ணாடித்தாளில் வரைந்ததுபோலத் தனி அடுக்காக இருக்கும். அடுக்குக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கண். அதை அழுத்தினால் கண் மூடும், உருவமும் மறையும். மனைவி கையை வைத்துவிட்டு அழுத்தாமல் இருந்தாள். தாய் அவள் கைக்கு மேல் தன் கையை வைத்து அழுத்தினார்.

கதிரை வெறுமையாகியது. தாயின் நிழல் மட்டும் துணியில் தனியாக நின்றது. அவர் பயந்துபோய்க் கேட்டார்.

“அழிச்சுப் போட்டியா?”

“இல்லை. உள்ளுக்குத்தான் இருக்கிறான். வந்தாப் பிறகு, வந்தவனை இருத்திப்போட்டு இதை அழிப்பம்,” என்றாள் மனைவி.

அவர் தலையாட்டினார். நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார். போகும்போது வாசலில் நின்று, உன் தம்பிக்கு எத்தனை வயது என்று மனைவியிடம் கேட்டார். தம்பியைப் பற்றி இவள் அவரிடம் எப்போது சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. போன வயதைச் சொல்வதா, இருந்தால் வந்திருக்கும் வயதைச் சொல்வதா என்று இவள் தடுமாற, அவர் அவள் தோளைத் தட்டிவிட்டு இறங்கிப் போனார்.

வெறுங்கதிரையோடுதான் படம் கண்காட்சியில் தொங்கியது. இப்போதும் எப்போதாவது அழைப்பார். இடம் இருக்கோ என்று மட்டும் கேட்பார். ஓம், இருக்கு என்பேன்.

சில வருடங்கள் கழித்து, இந்தக் குளிர்காலத்தில் பழைய கணினி இழுக்கத் தொடங்கியதால் எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றினோம். ஒழுங்காக வந்திருக்கிறதா என்று அந்தப் படத்தை முதலில் திறந்தேன். என்ன கோளாறோ, அடுக்குகளின் கண்கள் எல்லாம் திறந்து கிடந்தன. அவன் இருந்தான். நான் அவசரமாகக் கையை நீட்ட, பின்னால் வந்து நின்ற மனைவி என் கையைப் பிடித்தாள். குனிந்து கனநேரம் பார்த்தாள்.

“வளந்திருப்பான் என்னப்பா,” என்றாள். “தலைக்கு மேல இன்னும் கொஞ்சம் இடம் விட்டு எடுத்திருக்கலாம்.”