ஏழு கையெழுத்துக் குழாய்

அரசாங்கம் குழாய் தரும், ஜனங்கள் குழி வெட்டுவார்கள், நடுவில் நாங்கள் கையெழுத்து வாங்குவோம். கிராம அபிவிருத்தி அதிகாரி என்றால் இவ்வளவுதான். கோப்பும் கையுமாக அலைந்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

செயலாளர்

ஃபிஜித் தீவில், லம்பாசா ஊரின் நசியா பகுதியில் எங்கள் ஆபீஸ். கரும்புத் தோட்டத்துக்கு மேலே, மேட்டில் பதினான்கு இந்தியர் வீடுகள். உச்சி வீட்டு ராஜம்மா அக்கா முட்டி தேய்ந்தும் தினம் இரண்டு வாளியோடு ஓடைக்கு இறங்கி ஏறுவார். ஊற்றிலிருந்து குழாய் இழுக்க ஏழு பேர் கமிட்டி வேண்டும். கையெழுத்து வாங்கி தலைநகர் சுவாவுக்கு அனுப்பினேன். அதற்குள் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மந்திரி மாறினார், படிவமும் மாறியது.

புதுப் படிவத்தோடு போனால், கமிட்டிச் செயலாளர் கட்டிலை விற்றுக்கொண்டிருந்தார். ஆக்லாந்து போக நியூசிலாந்து விசா வந்துவிட்டதாம். கையெழுத்தாவது போடுங்கள் என்றேன்.

"போடறேன் சார். ஆனா மீட்டிங்கை ஆக்லாந்துல வைக்கணும். பொருளாளரும் அங்கதான் இருக்காரு."

நாலாம் நம்பர்

ஆள்தானே போகிறான், வீடு எங்கே போகும்? ஆள் பெயருக்குப் பதில் வீட்டு நம்பரை எழுதினேன். குடியிருப்பவர் எவரோ அவர் மெம்பர். மேலதிகாரிகூட மெச்சினார்.

அந்த வருஷமே அந்த மேட்டில் சிலருடைய நிலக் குத்தகை முடிந்தது; முடிந்தவர்கள் நிலத்தைக் காலி செய்ய வேண்டும். ஒருநாள் மேடேறும்போது எதிரே ஒரு லாரி. தகரம், மரச்சட்டம், கதவு, ஜன்னல் எல்லாம் கட்டி ஏற்றியிருந்தது. கதவில் நாங்கள் சுண்ணாம்பால் எழுதிய நாலு. கையைக் காட்டி நிறுத்தினேன். உள்ளிருந்து வீட்டுக்காரன் கோவிந்தன் தலையை நீட்டினான்.

"நாலாம் நம்பர் ராஜினாமா பண்ணிடுச்சு சார். ஓரமா நில்லுங்க, தகரம் கிழிச்சிடும்."

கீழ் ஊர்

ஊற்று இருப்பது மேட்டுக்கும் மேலே; ஆனால் அந்த நிலம் கீழேயுள்ள ஃபிஜியர் கிராமத்துக்குச் சொந்தம். அனுமதி கேட்கப் போனபோது ஊர்த் தலைவர் ஜோனே, விருந்தாளிக்குத் தரும் யங்கோனா வேர்ப் பானத்தைக் கலக்கிக் கொடுத்தார். அவர் வீட்டுப் பெண்களும் அதே ஓடையில்தான் மொள்ளுகிறார்கள். எனக்குக் கொடுத்தது இந்தியர் குடியிருப்புக்கான படிவம். அதற்குமேல் நான் யோசித்ததே இல்லை. ஜோனே எங்கள் லம்பாசா பக்கத்து இந்தியில் கேட்டதைத் தமிழில் சொல்கிறேன்:

"எங்க தண்ணிக்கு அனுமதி கேட்கிறே. எங்களுக்குத் தாகமான்னு கேட்டியா?"

ஏழாவது கையெழுத்து

இரண்டு ஊருக்கும் ஒரே குழாய் என்று படிவத்தை மாற்றி எழுதினேன்; கீழ் ஊரில் ஆறு பேர் அன்றே கையெழுத்துப் போட்டார்கள். ஏழாவதுக்கு ராஜம்மா அக்காவிடம் போனேன். பிள்ளைகள் சிட்னியில். நீங்களும் போய்விடுவீர்களா என்று கேட்டேன். இனி ஒரு படிவத்துக்கு எனக்குத் தெம்பில்லை. அக்கா நிதானமாகக் கையெழுத்துப் போட்டு, என் பையைப் பார்த்தார்.

"எனக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது தம்பி. உன் பையில துருத்திட்டிருக்கே, அது கனடா ஃபாரம்தானே?"

ஊரில் ஏழு பேர் நிலைத்திருந்தால் அரசாங்கத்தைக்கூட வேலை வாங்கிவிடலாம் என்பதை, குழாயில் தண்ணீர் வந்த செய்தியோடு வான்கூவரில் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன்.