வராத பல்லுக்கு ஒரு பொய்

ஏழு வயதில் விழுந்த என் மேல் முன்பற்கள் இரண்டும் ஒன்பது வயதாகியும் முளைக்கவில்லை. எனக்கு இளையவளான தங்கைக்கே வந்துவிட்டன. எங்கள் ஊரான கூக்கால் பள்ளியில் என்னைப் பொக்கை என்றார்கள். சிரிப்பதை விட்டேன். ஆண்டுவிழா நெருங்கியதும் பொறுமையும் போயிற்று. ஊக்கின் முனையால் ஈறைக் கீறிப் பல்லுக்கு நானே வழி செய்யப் பார்த்தேன்.

மறுநாள் உதடு வீங்கிக் காய்ச்சல். "யாருடி பண்ணுனது?" என்று அம்மா கேட்டபோது அத்தையை நோக்கி விரல் நீட்டினேன்.

அத்தை அப்பாவின் தங்கை. கணவனைப் பிரிந்து வந்து இரண்டு வருடமாக எங்களோடு இருந்தாள். நெல் முனையால் கீறிவிட்டால் பல் வெரசா வந்துவிடும் என்று ஒருமுறை சொல்லி, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். என் பொய்க்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் என்னை ஒருமுறை பார்த்தாள். "ஆமா மதினி. புத்தி கெட்டுப்போய்ப் பண்ணிட்டேன்" என்றாள்.

அதன்பிறகு அம்மா அவளோடு பேசவில்லை. பத்து நாளில் வீக்கம் வடிந்ததும் அப்பா என்னைக் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போனார். எக்ஸ்ரே பார்த்த பல் டாக்டர், "கூடுதலா ஒரு குட்டிப் பல் உள்ளுக்குள்ள குறுக்க கெடக்குங்க. அதான் வழிய மறிக்குது" என்றார். அதை எடுத்துவிட்டு, பஞ்சைக் கடிக்கக் கொடுத்து, வீடு போகும்வரை பேசக்கூடாது என்றார்.

கூக்காலில் நாங்கள் இறங்கிய பஸ்ஸில் ஏறுவதற்கு அத்தை பையோடு நின்றிருந்தாள். அய்யம்பாளையத்தில் ஒரு தோப்பில் சோலி கிடைத்திருக்கிறதாம். "இருந்துட்டுப் போலாம்ல" என்றார் அப்பா. குரலில் வலுவில்லை. அத்தை என் கன்னத்தைத் தொட்டு, "வலிக்குதாடி?" என்று கேட்டாள். பஞ்சைத் துப்பிவிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டாக்டர் சொல்கேட்கும் நல்ல பிள்ளையாகத் தலையை மட்டும் ஆட்டினேன்.

ஆறேழு மாதத்தில் பற்கள் வந்தன, சற்றுக் கோணலாக. அத்தை வரவில்லை. விசேஷங்களுக்கு மட்டும் விருந்தாளியைப் போல வந்து அன்றே கிளம்பிவிடுவாள்.

அன்று அவள் மறுக்காததை என் அதிர்ஷ்டம் என்றே எடுத்துக்கொண்டேன். ஒரு சிறுமி அடி வாங்கிவிடக்கூடாது என்பதற்காக, தனக்கிருந்த ஒரே வீட்டை ஒருத்தி விட்டுக்கொடுப்பாள் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.